நாலாம் மாடிக்காரியின் முடி

எங்கள் குடியிருப்பில் என்னை "எட்டு மணி" என்று கூப்பிடுவார்கள். எட்டு மணிச் செய்தியில் வரவேண்டியதெல்லாம் ஏழரைக்கே என் வாயில் வந்துவிடுமாம். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. யார் வீட்டில் புது ஃபிரிட்ஜ் இறங்கியது, யார் யாரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள், யார் சாவியை எந்தச் செருப்புக்கடியில் வைத்துவிட்டுப் போகிறார்கள், எல்லாம் எனக்கு அத்துப்படி. இந்தத் திறமை அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா ஒரு வார்த்தை சொன்னால் மாடிப்படி முழுக்கச் சிரிக்கும். அதைத் தரைத்தளம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. தயாரிப்பும் விநியோகமும் ஒரே வீட்டில்.

பெருமையடிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இது நான் பேய் பார்த்த கதை. கடைசியில் முகத்தை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது பேய்க்கு இல்லை, எனக்குத்தான்.

எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, துணி காயப்போடும் முற்றத்தைத் தாண்டி, நாலாம் மாடியில் ஒரு வீடு ஒரு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. வீட்டுக்காரர் வேறு ஊரில். ஒரு திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். மணி மூன்றரை இருக்கும். நிமிர்ந்தால் அந்த ஜன்னலில் ஒருத்தி.

முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கழுத்துக்குக் கீழே வெள்ளையாக எதையோ போர்த்தியிருந்தாள். விரித்துவிட்ட கறுப்பு முடி பாதி முதுகுக்கு வந்தது. திரைச்சீலை பாதி மூடியிருந்தது. நான் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை அவள் ஒரு தடவைகூட அசையவில்லை.

செவ்வாய்க்கிழமை அதே நேரத்துக்கு வந்து நின்றேன். அவள் இருந்தாள். முடி தோள் வரைக்கும்தான் இருந்தது.

புதன்கிழமை காது வரைக்கும்.

வியாழக்கிழமை என் சிநேகிதி சோடாபுட்டியைக் கூட்டிவந்து காட்டினேன். கண்ணாடி கனம்தான், ஆனால் என்னைவிட நன்றாகப் பார்ப்பாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது. முறம் அளவுக்குப் பெரிய கை. மெதுவாக அவள் தலையைத் தடவிவிட்டுத் திரும்பப் போயிற்று. அவள் அதற்கும் அசையவில்லை.

"எட்டு மணி..." என்றாள் சோடாபுட்டி, குரல் உள்ளே போய். "பேய்க்கே பேய் புடிச்சிருக்குடீ."

அவ்வளவு போதும் எனக்கு. அன்று மாலைக்குள் பதினாறு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு சிட்டிகை கூடுதலாகப் போட்டேன். முதல் மாடியில் அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் மாடியில் அழுதாள். மூன்றாம் மாடிக்கு வருவதற்குள் கண் சிவந்துவிட்டது.

தரைத்தளத்தில் கடை வைத்திருக்கும் தையல்கார அக்காதான் கேட்டாள்: "நீ நேர்ல பார்த்தியா, இல்ல நேரம் போகலன்னு பார்த்தியா?"

"சத்தியமா பார்த்தேன்க்கா."

"எப்பவும் இருட்டுலதானே பேய் வரும்? இது என்ன, மூணரை மணிக்கு டீ குடிக்க வர்ற மாதிரி வருது?"

ஆனால் மறுநாள் அவளுடைய கொடியில் காய்ந்த வெள்ளைத் துண்டில் ஒரு நீளமான கறுப்பு முடி ஒட்டியிருந்தது. அவளுக்கோ கழுத்தோடு வெட்டிய நரைமுடி. அதற்குப் பிறகு அவளும் மேலே பார்ப்பதை நிறுத்திவிட்டாள். பிள்ளைகள் முற்றத்தில் விளையாடுவதில்லை. மூன்றாம் மாடிக்காரர்கள் நாலாம் மாடிப் படிப் பக்கம் ஒரு பழைய மேசையைப் போட்டு அடைத்தார்கள். பேய் மேசையைத் தாண்டாது என்று யார் சொன்னார்களோ. நான்தான் சொல்லியிருப்பேன்.

அடுத்த வாரம் திங்கள், செவ்வாய் ஜன்னலில் யாருமில்லை. புதன்கிழமை அவள் திரும்பி வந்தாள். முடி மறுபடியும் பாதி முதுகு வரைக்கும். ஐந்தாறு நாளில் எவளுக்கு அவ்வளவு முடி வளரும்? நானே முதல்முறையாக ஜன்னலைச் சாத்தினேன். அதுவரைக்கும் பாதி என் கற்பனை என்று எனக்குத் தெரியும். இது என் கற்பனை இல்லையே.

வியாழக்கிழமை அரை நாள் பள்ளி. மதியம் ஒரு மணிக்குச் சோடாபுட்டியை இழுத்துக்கொண்டு, மேசைக்கு அடியில் நுழைந்து, நாலாம் மாடிக்குப் போனேன். அந்த வீட்டுச் சாவி மின்சார மீட்டர் பெட்டியின் மேல் இருந்தது. அங்கே இருக்கும் என்று எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

உள்ளே சாமான் எதுவும் இல்லை. தரையெல்லாம் சுத்தம். ஷாம்பு வாசனை. சமையலறையை எட்டிப் பார்த்த சோடாபுட்டி ஒரு சத்தம் போட்டாள். பாத்திரம் வைக்கும் பலகையில் இரண்டு தலைகள், சுவரைப் பார்த்தபடி. ஒன்றுக்கு முடி காது வரைக்கும், இன்னொன்றுக்கு விரல் நீளம்கூட இல்லை. அவள் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடிய சத்தம் தரைத்தளம் வரைக்கும் கேட்டது.

நான் ஓடவில்லை. தைரியம் என்று நினைத்தால் உங்கள் தப்பு. கால் வரவில்லை.

ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய், கையை நீட்டி, அந்த வெள்ளைத் துணியை இழுத்தேன். கழுத்துக்குக் கீழே உடம்பே இல்லை. மேசை விளிம்பில் ஓர் இரும்புக் கவ்வி, கவ்வியில் ஒரு கம்பி, கம்பியின் மேல் தலை. முகம் ரப்பர். முடி வெட்டக் கற்றுக்கொள்கிறவர்கள் பழகும் பொம்மைத் தலை. கடைத்தெருவில் அழகு நிலையக் கண்ணாடிக்குள் இதே போல நூறு தடவை பார்த்திருக்கிறேன். மேசையில் சீப்பு, தண்ணீர் தெளிக்கும் பாட்டில், கத்தரி இல்லாத வெறும் தோல் உறை, ஜன்னல் விளிம்பில் காற்றில் ஆடும் முடி இழைகள். ஒரு நோட்டில் குண்டு குண்டு எழுத்தில் ஏதோ குறிப்புகள், தலைப் படங்கள். சுவர்க் காலண்டரில் மறுநாள் வெள்ளிக்கிழமையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஊரார் கடிதத்தையெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கிற நான் அந்த நோட்டைப் படிக்கவில்லை.

இப்போது சொல்லப்போவதைச் சொல்லாமல் தாண்டிவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. அந்த நிமிடம் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பேய் இல்லை, பொம்மை. கீழே போய், "ஒண்ணுமில்ல, யாரோ முடிவெட்டப் பழகறாங்க" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். அந்த ஒரு வரி எனக்குப் பிடிக்கவில்லை. பதினாறு வீட்டில் சொன்ன கதை ஒரே வரியில் போய்விடுமே. எட்டு மணிச் செய்தியை எல்லாரும் சிரித்து அணைத்துவிடுவார்களே.

கீழே போய்த் தையல்கார அக்காவிடம் காகிதம் வெட்ட வேண்டும் என்று கத்தரி வாங்கிவந்தேன். பொம்மையின் உச்சியிலிருந்து ஒரு கைப்பிடி முடியை அடியோடு வெட்டினேன். சாட்சி வேண்டாமா?

அரை மணி நேரத்தில் முற்றத்தில் கூட்டம். "புடிச்சு இழுத்தேன், கையோட வந்துடுச்சு!" என்று நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். ஆளுக்கு நாலு இழை கொடுத்தேன். நூலில் கட்டிப் பையில் வைத்துக்கொண்டால் பேய் அண்டாது என்றும் சேர்த்துச் சொன்னேன். தையல்கார அக்காவே இரண்டு இழை வாங்கி ஊசி டப்பாவுக்குள் வைத்தாள்.

அப்போதுதான் கிரேன் மாமா வாசலில் நுழைந்தார்.

கிரேன் மாமாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்திலேயே பெரிய ஆள். கட்டட வேலைகளில் கிரேன் ஓட்டினவர். ஒரு வருடத்துக்கு முன்னால் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு போய், இனி உயரம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் மனைவி, எங்கள் நர்ஸ் அத்தை, ஆஸ்பத்திரியில் இரட்டை ஷிப்ட் பார்த்தாள். மாமா தினமும் வேலை தேடிப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவார். அந்த நாலாம் மாடி வீட்டுக்காரர், ஜன்னலைத் திறந்து காற்றோட்டமாக வைக்கச் சொல்லிச் சாவியை அவரிடம்தான் கொடுத்திருந்தார் என்பது, எல்லாம் தெரிந்த எனக்குத் தெரியாது.

அவர் என் கையைப் பார்த்தார். கையிலிருந்த முடியைப் பார்த்தார். பிறகு படியேறினார். மேசையை ஒரு கையால் நகர்த்தும் சத்தம் கேட்டது.

முறம் மாதிரிக் கை. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்றரை மணிக்கு ஜன்னலில் யாரும் இல்லை. நாலு மணிக்கும் இல்லை. நாலே காலுக்கு நான் மேலே போனேன். கதவருகில் நின்றேன்.

"வா. சாவி இருக்கிற எடந்தான் உனக்குத் தெரியுமே" என்றார்.

பொம்மைத் தலையை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெரிய விரல்களால் சுற்றியிருந்த முடியை வாரி வாரி உச்சியில் இருந்த சொட்டையை மூடப் பார்த்தார். சீப்பை எடுத்ததும் அது விலகி விலகி வழி விட்டது.

"எதுல வெட்டினே?"

"தையல் அக்கா கத்தரி."

"அதான். துணிக் கத்தரி. எலி கடிச்ச மாதிரி இருக்கு."

"பேய்னு நெனச்சுட்டேன் மாமா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கிட்ட வந்து, துணிய எடுத்து, தொட்டுப் பார்த்து, கத்தரி தேடிட்டு வந்து வெட்டற வரைக்குமா?"

நான் பொம்மையின் உச்சியைப் பார்த்தேன்.

"பசை போட்டு ஒட்டலாமா?" என்றேன் கடைசியில்.

"வளர்ற முடின்னா நாலு மாசம் பொறுத்துக்கலாம். இது வளராதும்மா. வெட்டினா வெட்டினதுதான்." தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாளைக்குப் பத்து மணிக்குப் பரீட்சை. கத்தரி படாத தலையோட வரணும்னு சட்டம். மத்த ரெண்டையும் பழகியே தீத்துட்டேன். புதுசு வாங்கினா வர ஒரு வாரம் ஆகும். அடுத்த பரீட்சை ஆறு மாசம் கழிச்சு. கடைத்தெரு சலூன்ல எடம் பேசி வெச்சிருந்தேன். பாஸ் பண்ணிட்டு வான்னாங்க. ஆறு மாசம் யாரு காத்திருப்பா?"

"ஆளுங்க தலையில வெட்டக்கூடாதா?"

"வெட்டலாம். முதுகு வரைக்கும் முடி இருக்கணும். உங்க அத்தைக்குத் தோள் வரைக்கும்தான்."

நான் என் பின்னலை எடுத்து முன்னால் போட்டேன். அவர் சிரிக்கவில்லை. "பதினாறு வயசு ஆகியிருக்கணும்."

"அப்ப அம்மா? அம்மாவுக்கு இடுப்பு வரைக்கும் இருக்கே."

அவர் முகம் மாறிவிட்டது. "வேண்டாம். யார்கிட்டயும் சொல்லாதே. உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லவே சொல்லாதே. பரீட்சை போனா போகட்டும்."

"ஏன் மாமா?"

"நான் விழுந்து வீட்டுக்கு வந்த அன்னைக்கு உங்கம்மா படியில நின்னு என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நன்றாகவே இருந்தது. "கிரேன் ஓட்டின கை சும்மா இருக்குமா? இனிமே பொண்டாட்டிக்குத் தலை வாரி விட வேண்டியதுதான்!" என்றாள் அம்மா. படி முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பைத் தரைத்தளத்துக்குக் கொண்டுபோனது யார் என்று கேட்க வேண்டாம். அவர் மாதிரி நடந்து காட்டி, சீப்பு பிடித்துக் காட்டிச் சொன்னேன். நல்ல வரவேற்பு.

"எல்லாம் காதுல விழுந்துச்சு" என்றார். "அதுக்கு அடுத்த வாரம் உங்க அத்தைக்குக் கை சுளுக்கு. டூட்டிக்கு நேரமாச்சு. நெசமாவே நான்தான் வாரி விட்டேன். கொண்டை போட்டேன். அழகா வந்துச்சு. எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியல. ஆஸ்பத்திரியில எல்லாரும் எந்தக் கடைன்னு கேட்டாங்களாம்." சீப்பைத் தரையில் வைத்தார். "சிரிச்சதுதான் எனக்கு வழி காட்டுச்சு. அதுக்காக இன்னொரு தடவை சிரிக்க வெக்க முடியுமா? பாஸ் பண்ணி, கடையில நின்னப்புறம் தெரிஞ்சா பரவால்ல. அதுக்குத்தான் இங்க வந்து பழகினேன்."

நான் வீட்டுக்கு வந்தேன். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சொல்லாதே என்று அவர் கேட்டிருந்தார். சொல்லமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. இது வக்கீல் பேச்சு என்று எனக்கே தெரியும். அவருடைய பரீட்சையா, அவருடைய ரகசியமா என்று சமையலறை வாசலில் நின்று யோசித்தேன். இரண்டையும் காப்பாற்ற ஒரு வழி இருந்திருக்கலாம். பழக்கப்பட்ட வழி எனக்கு ஒன்றுதான்.

சொல்லிவிட்டேன். பொம்மை என்று தெரிந்தே வெட்டியதையும் சொன்னேன். எதையும் கூட்டவில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

"யாரு? நம்ம கிரேனா?" அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அந்தக் கையில கத்தரியா! அவரு..."

"நீதான்மா சொன்னே. பொண்டாட்டிக்குத் தலை வாரி விடட்டும்னு. அவரு கேட்டுட்டுதான் இருந்தாராம்."

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அம்மா கத்தியை வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயமாகவும் இருக்கலாம்.

"அந்த முடிய யார் யாருக்குக் குடுத்தே?"

சொன்னேன்.

"போ. ஒவ்வொருத்தர்கிட்டயும் திருப்பி வாங்கிட்டு வா. பேய் இல்ல, நான் புளுகினேன்னு உன் வாயால சொல்லு. யார் வெச்ச பொம்மைன்னு கேட்டா மட்டும் வாயத் தெறக்காதே. தெறந்தே, அப்புறம் நான் பேயா வருவேன்."

பதினாறு கதவு. அதே கதவுகள். பேய் என்று சொன்னபோது உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தவர்கள், பேய் இல்லை என்றபோது வாசலிலேயே நிற்க வைத்தார்கள். சிலர் திட்டினார்கள். அதுகூடப் பரவாயில்லை. மூன்றாம் மாடிச் சின்னப் பெண் என் முகத்தை உற்றுப் பார்த்துக் கேட்டாள்:

"அக்கா, பேய் இல்லன்னு சொல்லச் சொல்லி பேய் உங்கள மெரட்டுச்சா?"

"இல்லடீ. நான்தான் பொய் சொன்னேன்."

"பாவம்க்கா நீங்க" என்றாள். முடியைத் திருப்பித் தரவும் மாட்டேன் என்றுவிட்டாள். நான் சொன்ன பொய் அவ்வளவு கெட்டியாக ஒட்டியிருந்தது. நிஜம் கையில் நிற்காமல் வழுக்கியது.

திரும்பி வந்தபோது அம்மா நாலாம் மாடியில் அந்தக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டிருந்தாள். மன்னிப்புக் கேட்பதில் அம்மாவுக்குப் பயிற்சி கிடையாது. நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

"ரொம்ப நாளா தலை கனமா இருக்கு" என்றாள் மூடிய கதவைப் பார்த்து. "கழுத்து வலி வேற. நல்ல ஆளா பார்த்து வெட்டிக்கலாம்னு இருக்கேன்."

அம்மா கதவுக்கு இன்னும் பக்கத்தில் போனாள்.

"அன்னைக்குப் படியில நான் பேசினது தப்புங்க."

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. கிரேன் மாமா அம்மாவைப் பார்க்கவில்லை, அவள் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். "உன்னால முடியாதுன்னு எனக்குத் தெரியும்" என்பது மாதிரி ஒரு பார்வை. பிறகு அம்மாவின் முடியைக் கையில் எடுத்து, நுனியைப் பார்த்து, "காலையில தலைக்குக் குளிச்சிட்டு வாங்க. எண்ணெய் மட்டும் வேண்டாம்" என்றார்.

பரீட்சை ஒன்றரை மணி நேரம். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு, நானும் நர்ஸ் அத்தையும் பயிற்சி நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். முடியைக் கொடுக்கிறவர் தலையை ஆட்டக் கூடாது, பேசக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தது. பேசினால் வெட்டுகிறவருக்கு மதிப்பெண் குறையும். அம்மா ஒன்றரை மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரிக்குக் காது அருகே ரத்தம் எட்டிப் பார்த்தபோதுகூடத் திறக்கவில்லை. அந்தப் பெரிய விரல்கள் கோடு பிரித்து, நனைத்து, அளந்து, துளித்துளியாக வெட்டின. பரீட்சை வைத்த அம்மாள் வந்து ஒவ்வொரு கற்றையாகத் தூக்கி நீளம் பார்த்தாள். ஒரு இடத்தில் நின்று, மறுபடியும் பார்த்தாள். பிறகு காகிதத்தில் ஏதோ எழுதிவிட்டு நகர்ந்தாள்.

பாஸ்.

அம்மா கழுத்தோடு வெட்டிய முடியோடு வெளியே வந்தாள். "காத்து படுது" என்றாள், பின்கழுத்தைத் தடவி. மாமாவிடம் வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க மாடிப்படியில் நின்று, கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். அவர் சலூனில் சேர்ந்துவிட்டதால் அது இனி ரகசியம் இல்லை.

பேய் மட்டும் போகவில்லை. அந்த வீட்டுக்கு இப்போது ஆள் வந்துவிட்டார்கள், குழந்தை குட்டியோடு. இருந்தும் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் மூன்றரை மணிக்கு முற்றத்தில் நிற்க மாட்டார்கள். நான் போய் விளக்கினால், "மெரட்டி வெச்சிருக்கு" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

நான் அந்தச் சலூன் பக்கம் ஒரு வருடம் போகவில்லை. அம்மா வற்புறுத்தித்தான் கூட்டிப்போனாள். கிரேன் மாமா வெள்ளைத் துணியை என் கழுத்தில் சுற்றி, நாற்காலியை ஏற்றி, தண்ணீர் தெளித்தார். கண்ணாடியில் நானும் முதுகு வரை முடி விரித்த ஒரு வெள்ளைப் போர்வைக்காரியாகத் தெரிந்தேன். அவர் சீப்பால் கோடு பிரித்துக்கொண்டே வந்தார். உச்சிக்கு வந்ததும், நான் அந்தப் பொம்மைக்கு வெட்டின அதே இடத்தில், சீப்பு நின்றது.

சொல்ல எனக்கு ஒரு வருடத்துப் பேச்சு பாக்கியிருந்தது. வாயைத் திறந்தேன்.

"ஆடாம இரு" என்றார் மெதுவாக. "இது வளரும். பயப்படாதே."

நான் ஆடவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை.